‘ஸ்டேஷனிலிருந்து 300 மீட்டர்’னு போட்டிருக்கா? புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

“சிட்டிக்குள்ள ரூம் வாடகை கட்டுப்படியாகல. சென்னைக்கு வெளியே தங்கினா போக வர வசதியா இருக்குமா?” மாதத்துக்கு நாலைந்து தடவையாவது எங்கள் டெஸ்க்குக்கு வந்துவிடும் கேள்வி இது. இந்த வாரம் கேட்டிருப்பவர் தென்காசி வாசகி ஒருவர். மாமனாருக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரிவ்யூ. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நின்றால்தான் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க முடியும் என்கிறார். கூட வரும் மாமியாருக்கு முழங்கால் வலி. கணவர், எட்டு வயசுப் பையன் என்று மொத்தம் ஐந்து பேர், மூன்று ராத்திரி. மிச்ச நேரத்தில் பையனுக்கு வண்டலூரையும் மெரினாவையும் காட்டிவிடலாம் என்பது திட்டம்.

தங்கலாம், தாராளமாகத் தங்கலாம். ஆனால் புக்கிங் ஆப்பில் கண்ணில் படும் இரண்டு விஷயங்களை, அதாவது வாடகையையும் ‘சிட்டி சென்டரிலிருந்து இத்தனை கிலோமீட்டர்’ என்பதையும், கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சென்னையில் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹோட்டல் 12 கிலோமீட்டரில் இருப்பதைவிட வசதியாக அமைவது உண்டு. தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு ஒரே ரயில், இறங்கினால் ஜி.ஹெச். பக்கத்திலேயே. அதே ஜி.ஹெச்-க்கு ஓ.எம்.ஆரில் பாதி தூரத்தில் ரூம் எடுத்தாலும், மெட்ரோ வேலை நடக்கும் அந்தச் சாலையில் காலை எட்டு மணிக்கு எப்போது போய்ச் சேருவீர்கள் என்று டிரைவருக்கே தெரியாது. அதனால், முதலில் நீங்கள் போக வேண்டிய இடம் எந்த ரயில் லைனில் இருக்கிறது என்று பாருங்கள். ஹோட்டலை அந்த லைனில் தேடுங்கள். ஈ.சி.ஆர் ரிசார்ட் படங்கள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே ரயில் கிடையாது.

தென் மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குத் தாம்பரம் இன்னொரு விதத்திலும் லாபம். தென்காசி, மதுரை, திருச்சிப் பக்கமிருந்து எழும்பூர் வரும் ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நின்றுதான் வருகின்றன. லக்கேஜோடு எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. (தாம்பரம் 2021-லிருந்து தனி மாநகராட்சி. அங்கே போய் ‘சிட்டிக்கு வெளியே’ என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் முறைப்பார்கள், ஜாக்கிரதை.) கோவை, சேலம் பக்கமிருந்து சென்ட்ரல் வருபவர்கள் இதே கணக்கை அம்பத்தூர், ஆவடி லைனில் போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் இருக்கிறது?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ‘ரயில் நிலையத்திலிருந்து 300 மீட்டர்’ என்று ஆப் சொல்வது பெரும்பாலும் மேப்பில் நேர்கோடு போட்ட தூரம். ஸ்டேஷனின் எந்தப் பக்கம் என்று அது சொல்வதில்லை. தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஜி.எஸ்.டி சாலை, பஸ் ஸ்டாண்டு. கிழக்கே வேளச்சேரி சாலை. நடுவில் வரிசையாகத் தண்டவாளங்கள். தப்பான பக்கத்தில் ரூம் போட்டால் ஒவ்வொரு தடவையும் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், அல்லது ஆட்டோவில் பெரிய மேம்பாலத்தைச் சுற்ற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த 300 மீட்டர் ஒரு மலை. சுற்றுவதற்கு அலுத்துப்போய்த் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் பழக்கம் இந்த லைனில் எத்தனையோ உயிர்களை வாங்கியிருக்கிறது. குழந்தையோடு வருபவர்கள் அந்த யோசனைக்கே போக வேண்டாம்.

மேப்பில் ‘நடந்து செல்ல’ என்பதை அழுத்தி, ஹோட்டல் வாசலிலிருந்து ஸ்டேஷன் நுழைவாயில் வரை வழியைப் பாருங்கள். பிறகு ஹோட்டலுக்கே போன் போட்டு, “ஸ்டேஷனுக்குப் போக பிரிட்ஜ் ஏறணுமா?” என்று கேளுங்கள். “பக்கம்தான் மேடம், ஆட்டோ கிடைக்கும்” என்று பதில் வந்தால், பக்கம் இல்லை என்று அர்த்தம்.

அந்த ஆட்டோவில்தான் மிச்சம் பிடித்த காசு போகும். ஒரு ஆட்டோவில் சட்டப்படி மூன்று பேர். ஐந்து பேர் குடும்பத்துக்கு இரண்டு ஆட்டோ. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. ஒரு சவாரிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 400, மூன்று நாளைக்கு 1,200. இதற்கு நேர்மாறாக, தாம்பரத்திலிருந்து பீச் வரைக்குமே சாதாரண மின்சார ரயில் டிக்கெட் 10 ரூபாய்தான். ஐந்து பேர் போய்வர 100 ரூபாய்கூடத் தாண்டாது. ரயில் மலிவாக இருந்து என்ன, ரயிலடிக்குப் போவது மலிவாக இருக்க வேண்டாமா? அதனால் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கும் ஹோட்டல் ஒரு ராத்திரிக்கு 300 ரூபாய் கூடுதல் என்றால், யோசிக்காமல் அதையே எடுக்கச் சொல்வேன்.

உட்கார இடம் கிடைக்குமா?

பல்லாவரம், குரோம்பேட்டை இரண்டும் தாம்பரத்தைவிடச் சிட்டிக்கு அருகில் இருப்பவை. ஆனால் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் அங்கே ஏறினால் நிற்கத்தான் இடம், சமயத்தில் அதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்தே புறப்படும் லோக்கல் ரயில்கள் நிறைய இருக்கின்றன. செங்கல்பட்டிலிருந்து வருவதை விட்டுவிட்டு, தாம்பரத்தில் கிளம்பும் வண்டியில் ஏறினால் மாமனாருக்கு சீட் உறுதி. நோயாளியைக் கூட்டிப்போகும் குடும்பத்துக்கு இந்த ஒரு காரணமே போதும். மருத்துவமனைக்கு விடிந்ததும் கிளம்புவதால் கூட்டமும் குறைவாக இருக்கும். திரும்புகிற நேரத்தில்தான் சிரமம். மாலை ஐந்தரை மணிக்கு மேல் பார்க் ஸ்டேஷனில் ஏறுவது வயதானவர்களுக்கு ஆகாது. மதியமே திரும்பிவிடுங்கள். முடியாவிட்டால் எதிர்த்திசையில் இரண்டு ஸ்டேஷன் பின்னால் போய், பீச்சில் காலியாக நிற்கும் வண்டியில் ஏறுங்கள். அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 2025 ஏப்ரலிலிருந்து இதே லைனில் ஏ.சி. லோக்கலும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நாளைக்குச் சில நடைகள்தான் என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

படியே ஆகாது என்கிற அளவுக்கு முழங்கால் மோசம் என்றால், என் ஓட்டு தாம்பரத்துக்கு இல்லை, மீனம்பாக்கம், நங்கநல்லூர் சாலை, பரங்கிமலை மெட்ரோ ஸ்டேஷன்களின் பக்கத்துக்குத்தான். வாடகை சற்றுக் கூடும். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்பதால் ஐந்து பேருக்குச் செலவும் கூடும். ஆனால் எல்லா மெட்ரோ ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது, சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு வாசலிலேயே அரசினர் தோட்டம் ஸ்டேஷன். லோக்கல் ஸ்டேஷன்களில் எஸ்கலேட்டர் எங்கே இருக்கிறது, எது ஓடுகிறது என்பதெல்லாம் அன்றன்றைய அதிர்ஷ்டம்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு, ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் ரூம் தேடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். விடிகாலை பஸ் பிடிக்க ஒரு ராத்திரி தங்குவதற்குச் சரி. மூன்று நாளும் சிட்டிக்குள் போய்வர வேண்டும் என்றால் வேண்டாமே.

பையனின் வண்டலூருக்குத் தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை, மறந்துவிடாதீர்கள். மெரினாவுக்குக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்கு மாறி, சேப்பாக்கத்தில் இறங்கலாம். பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் உயரமானவை, படிகள் அதிகம். பெரியவர்களை ரூமில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மூவர் மட்டும் போய்வருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில்கள் குறைவு. பராமரிப்புப் பணி என்று சில நடைகளை ரத்தும் செய்வார்கள். முதல் நாளே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுக்கு ‘ரயில்ஒன்’ ஆப் போதும். பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் சேர்த்து ‘சென்னை ஒன்’ ஆப்பும் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது.

ரூமை உறுதி செய்யும் முன் கேட்க வேண்டியவை இன்னும் சில. முக்கியமானது செக்-இன் நேரம். ஊரிலிருந்து வரும் ரயில் விடிகாலை ஐந்து மணி சுமாருக்குத் தாம்பரத்தில் இறக்கிவிடும். ‘பகல் 12 மணி செக்-இன்’ ஹோட்டல் என்றால் ஏழு மணி நேரம் பெட்டியும் கையுமாக உட்கார வேண்டும், அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டும். “24 மணி நேர செக்-அவுட்டா?” என்று கேளுங்கள், ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் இந்த முறை இன்னும் இருக்கிறது. அடுத்தது, ஆப்பில் காட்டும் வாடகை பொதுவாக இரண்டு பேருக்கு. ஐந்து பேர் என்று நிஜ எண்ணிக்கையைப் போட்டுத் தேடுங்கள். கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி இப்போது 5 சதவிகிதம்தான். 12 என்று சொன்னால் அது 2025 செப்டம்பருக்கு முந்தைய கணக்கு. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவதாக இருந்தால், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஹோட்டல்களைத் தவிர்த்துவிடுங்கள். பெருமழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்கள் அவை.

கடைசியாக, ஆஸ்பத்திரிக்காக வருபவர்கள் ‘கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராது’ என்று போட்டிருக்கும் சலுகை விலையில் புக் செய்ய வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை, டாக்டர் லீவு, நாளைக்கு வாங்க என்று தேதி தள்ளிப்போவது சகஜம். 200 ரூபாய் கூடினாலும் ‘ஹோட்டலில் வந்து கட்டலாம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் ஒரு நாள் நீட்டிக்க முடியுமா என்பதையும் வந்து இறங்கியதும் ரிசப்ஷனில் சொல்லிவையுங்கள்.