குஞ்சம் முடியாத சால்வை



இம்முறை நான் உங்களுக்குச் சொல்ல வந்திருப்பது 'கராமெலோ' என்ற நாவலைப் பற்றி. எழுதியவர் சான்ட்ரா சிஸ்நேரோஸ். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், மெக்சிகோவிலிருந்து வந்த தந்தைக்குப் பிறந்தவர். நாவல் 2002இல் வெளிவந்தது.

கதை சொல்பவள் லாலா. ஆறு அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண். அப்பா இனோசென்சியோ சோபாக்களுக்கு மெத்தையும் உறையும் தைப்பவர். கோடை விடுமுறை வந்தால் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் மனைவி மக்களை மூன்று கார்களில் ஏற்றிக்கொண்டு, சிகாகோவிலிருந்து மெக்சிகோ நகரம் வரை போவார்கள். அங்கே இருக்கிறாள் பாட்டி சொலிடாட். லாலா அவளுக்கு வைத்த பெயர், 'பொல்லாத பாட்டி'!

பெயருக்கேற்ற பாட்டிதான். மூத்த மகன் அவளுக்குத் தெய்வம். மருமகள் சொயிலா தூசு. வீட்டில் துணி வெளுக்கும் பெண்ணின் மகள் கண்டெலாரியா. அவளுக்குத் தகப்பன் யார் என்ற உண்மையைச் சமயம் பார்த்து மருமகளின் காதில் போட்டு, ஒரு குடும்பத்தையே ஆட்டி வைக்கிறாள். அவளை நான் வெறுத்துக்கொண்டேதான் படித்தேன்.

பிறகு ஆசிரியர் நம்மைப் பின்னோக்கி அழைத்துப் போகிறார். அந்தப் பாட்டியும் ஒருநாள் சிறுமியாக இருந்தவள். தாயோ சால்வைக்குக் குஞ்சம் முடிபவள். தாய் இறந்தபோது கையிலிருந்த கராமெலோ சால்வையின் குஞ்சம் பாதியிலேயே நின்றுவிட்டது. தகப்பன் மறுமணம் செய்துகொண்டு, மகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அங்கிருந்து இன்னொரு வீட்டில் வேலைக்காரி. பின் அந்த வீட்டுக்கே மருமகள். மாமியார் அவளை மதிக்கவே இல்லை. அந்தச் சால்வை ஒன்றே அவளுக்குத் தாய்வீடு. சொலிடாட் என்றால் ஸ்பானிய மொழியில் தனிமை என்று பொருள். எத்தனை பொருத்தம் பாருங்கள்!

இறந்த பிறகும் பாட்டி விடுவதில்லை. பேத்தி கதை சொல்லும்போதெல்லாம் குறுக்கே புகுந்து, "அப்படியில்லை, இப்படி" என்று வழக்காடுகிறாள். தன் கதை முழுதாகச் சொல்லப்பட்டால்தான் தனக்கு மன்னிப்பு, விடுதலை என்று கெஞ்சுகிறாள். படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கில நாவல்தான், ஆனால் கோபமும் கொஞ்சலும் ஸ்பானிய மொழியில் வந்து விழுகின்றன. சில இடங்களில் ஸ்பானிய வழக்குகளையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைக்கிறார். முதலில் சற்றுத் தடுக்கும். போகப் போக, இரண்டு மொழியில் வாழும் வீடு இப்படித்தானே பேசும் என்று தோன்றிவிடும்.

எனக்கு ஒரு குறை உண்டு. கண்டெலாரியாவின் கதையை அவள் வாயிலிருந்து கேட்க முடியவில்லை. கராமெலோ என்பது சர்க்கரைப்பாகின் நிறம். அவள் மேனியின் நிறமும் அதுவே என்று லாலா வியக்கிறாள். இருந்தும் அந்தக் குடும்பச் சால்வையில் அவளுக்கு ஓர் இழைகூட இல்லை!

பட்ட துன்பம் பிறரைத் துன்புறுத்த உரிமை தராது. பாட்டி செய்தது தவறுதான். ஆனாலும் ஒருத்தி ஏன் பொல்லாதவள் ஆனாள் என்று தெரிந்த பின், அவளைப் பழையபடி வெறுக்க முடிவதில்லை. உங்கள் வீட்டிலும் கடுகடுவென்று ஒரு மூதாட்டி இருப்பாரானால், அவருடைய இளமைக் கதையை ஒருமுறை கேட்டுப் பாருங்களேன். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.