ஆர்.ஓ. நீரும் ஒட்டிக்கொள்ளும் கிருமியும்

பெங்களூரில் 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, காசு போட்டு இருபது லிட்டர் பிடிக்கும் ஆர்.ஓ. நிலையங்களின் முன் கேன்களுடன் ஜனங்கள் கால்கடுக்க நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நிலையங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாக மாநகராட்சி அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டமும் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல் நீர் என்பது கணக்கு. ஆயினும் நம்மவர் குடியிருக்கும் பல சந்துகளில் குடிநீர் என்றால் இன்றும் ஆர்.ஓ. கேன்தான்.

இந்த இயந்திரத்தின் உயிர் அதிலுள்ள சவ்வு. 1960ஐ ஒட்டி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் சவ்வு நீரை விடும், உப்பைத் தடுக்கும்.

சிக்கல் எங்கே? இன்று புழங்கும் பாலி அமைடு சவ்வுக்குக் குளோரின் ஆகாது, பட்டால் அரித்துவிடும். ஆகவே குழாய் நீரில் உள்ள குளோரினை முன்கூட்டியே கரி வடிகட்டி மூலம் எடுத்துவிடுகிறார்கள். காவல்காரனை வாசலிலேயே நிறுத்திய கதைதான். உள்ளே வரும் பாக்டீரியாக்கள் சவ்வில் ஒட்டி, கோந்து போன்ற பசையைச் சுரந்து, அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. கழுவாத தொட்டியின் உட்புறத்தைத் தடவினால் வழுக்குமே, அதே சங்கதி. ஓரினமல்ல, பல இனங்கள். ஒன்றின் கழிவு மற்றதற்கு ஆகாரம். பசை இருப்பதால் மருந்து எளிதில் எட்டாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தாலும், மிஞ்சியது செத்தவற்றைத் தின்றே பெருகும். நீர் வரத்து குறையும், மோட்டார் திணறும், கரண்டுச் செலவு ஏறும், உப்பும் மெல்லக் கசியும்.

மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் தொடங்கிய கடல்நீர் நிலையங்களைப் போன்ற பெரிய இடங்களில், அழுத்தத்தைக் கவனித்து, காரமும் அமிலமும் விட்டுக் கழுவப் பொறியாளர்கள் உண்டு. தெருமுனை நிலையத்தில் யார் உண்டு?

நல்ல சவ்வைத் தாண்டிக் கிருமி போவது அரிது என்பது உண்மையே. ஆனால் சுத்தமான நீர் தேங்கும் தொட்டியிலும் குழாயிலும் நம் கேனிலும் குளோரின் இல்லை. புறஊதா விளக்கு, நீர் தன்னைக் கடக்கும்போது கொல்லும், பிறகு காக்காது.

விற்பவர் ஒரு மீட்டரை நீரில் விட்டு, "டி.டி.எஸ். ஐம்பதுதான், பாருங்க சார்" என்பார். அது உப்பின் கணக்கு. கிருமி நிறைந்த நீரிலும் அந்த எண் அழகாகவே இருக்கும். இந்தியத் தர நிர்ணயமோ லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்பை ஏற்கிறது. நூறு மில்லி நீரில் ஈ.கோலி ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்கிறது. எது முக்கியம் என்று தெரியவில்லையா?

ரயில் பெட்டியின் ஓரத்தில் அடுத்த பெரிய பராமரிப்பு எப்போது என்று பெயிண்டில் எழுதியிருக்கும், யாரும் படிக்கலாம். அதுபோல் சவ்வு மாற்றிய தேதி, தொட்டி கழுவிய தேதி, கடைசிக் கிருமிப் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றை ஒவ்வொரு நிலையத்திலும் எழுதிவைக்க உத்தரவிடுவதில் சர்க்காருக்குப் பெரிய செலவில்லை. வார்டு அலுவலகத்தில் மனு கொடுக்கும் சங்கங்கள் இதையும் சேர்த்துக் கேட்கலாம். அதுவரை கேனை அடிக்கடி தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் கியாஸ் செலவைப் பாராமல் கொதிக்கவைத்தே கொடுங்கள்.