கிரீமுக்குள் ஒரு சவர்க்காரம்

பூன் லே பிளேஸ் ஈரச்சந்தையில் வாங்கிய தேங்காய்ப்பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டால், மறுநாள் கொழுப்பு மேலே கட்டியாக நிற்கும்; தண்ணீர் கீழே தங்கிவிடும். குளியலறையில் மாதக்கணக்கில் கிடக்கும் கிரீம் மட்டும் ஏன் பிரிவதில்லை? அதிலும் தண்ணீரும் எண்ணெயும்தானே இருக்கின்றன.

பிரியவிடாமல் பிடித்து வைப்பது 'பால்மமாக்கி'. அதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்த் துளிகளைச் சுற்றி நின்று, அவை ஒன்றுசேராமல் காக்கும். தேங்காய்ப்பாலில் புரதம் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. பாத்திரத்து எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து வெளியேற்றும் சவர்க்காரமும் இதே குணம் கொண்டதுதான்.

இது எனக்கு உறைத்தது என் மகளால். முழங்கை மடிப்பில் எக்ஸிமா இருந்ததால், மலிவாகக் கிடைத்த 'அக்குவஸ் கிரீம்' டப்பா ஒன்றை வாங்கி இரவில் பூசிவந்தேன். "அம்மா, எரியுது" என்று அழுவாள். தூங்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று இரண்டு வாரம் அதட்டினேன். பிறகுதான் டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.

பிரிட்டிஷ் மருந்துநூல் செய்முறைப்படி, அந்தக் கிரீமில் ஏறத்தாழ 1 விழுக்காடு சோடியம் லாரில் சல்ஃபேட் உண்டு. பல ஷாம்புகளை நுரைக்கவைக்கும் அதே பொருள். கழுவாமல் தோலிலேயே விட்டால், ஈரத்தைக் காக்கும் தோலின் சொந்தக் கொழுப்பையும் அது கலைக்கும். எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கு இதனால் எரிச்சலும் சிவப்பும் வரலாம், பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள், என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்திருந்தது. பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அதற்காகப் பால்மமாக்கி என்றாலே பயப்படத் தேவையில்லை. 1911இல் ஜெர்மனியில் வந்த நீவியா கிரீம், ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த பால்மமாக்கியால் உருவானது. கிளிசரில் ஸ்டியரேட் பொதுவாகத் தோலுக்கு இதமானது. செட்டில் ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்ததும் கிரீமைத் திருப்பி வைத்துவிடுவாள் என் தோழி. அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், தோலை உலர்த்தும் சாராயம் அல்ல.

சிங்கப்பூரில் விற்கும் அழகுப் பொருள்களின் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும். ஆனால் 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை அவற்றுக்குள் எந்த வரிசையிலும் போடலாம். ஆகவே கடைசிப் பெயர்வரை படியுங்கள்.

மருத்துவர் வேறு களிம்பு எழுதிக் கொடுத்தார். அழுகை நின்றது. பழைய டப்பா வீணாகவில்லை. என் கணவர் முகம் மழிக்க எடுத்துக்கொண்டார். உடனே கழுவிவிடுவதால் எரியவில்லையாம்.