பகுதிநேரம் என்றால் பாதிப் படிப்பா?

வேலை பார்த்தபடி டிஜிட்டல் இதழியல் படிப்பவர் அரைகுறைச் செய்தியாளராகத்தான் வருவார் என்கிறார்கள். இதை ஏற்க முடியாது. விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் கல்லூரிப் படிப்புக்கு நடுவேதான் செய்தி சேகரித்தார்கள். அவர்களை யாரும் அரைகுறை என்று ஒதுக்கவில்லை.

இப்படிப் படிக்க வரும் மருத்துவமனைச் செவிலியருக்கு மருந்துத் தட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். படத்தின் மூலத்தைத் தேடுவது, அட்டவணையிலுள்ள எண்களைச் சரிபார்ப்பது, தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி மனு எழுதி 30 நாளில் பதில் கோருவது ஆகியவற்றை மாலை வகுப்பிலும் கற்கலாம். துறை அனுபவத்தை எந்த வகுப்பும் தராது.

வேலை பார்த்தபடி படிப்பவர் தன் நிறுவனம் பற்றி எழுதினால் அந்தத் தொடர்பை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த நேர்மையைக் கேளுங்கள். சம்பளத்தை விட்டுவிட்டு வரச் சொன்னால், வசதியுள்ளவர்கள் மட்டுமே செய்தி எழுதுவார்கள்.