ஊதியமில்லாத் தொண்டர்கள், அடுத்தடுத்த அறிவிப்புகள்: 'முழு எழுத்தறிவு' எந்த அளவுக்கு உறுதியானது?

புதுடெல்லி: லடாக், மிசோரம், கோவா, திரிபுரா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய ஐந்தும் 2024 ஜூன் முதல் 2025 செப்டம்பர் வரையிலான பதினைந்து மாதங்களுக்குள் 'முழு எழுத்தறிவு பெற்றவை' என அறிவிக்கப்பட்டன. மத்திய அரசின் 'உல்லாஸ்' எனப்படும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் வெற்றியாக இவை முன்வைக்கப்படுகின்றன. அந்த வெற்றியைச் சுமந்தவர்கள் ஒரு ரூபாய்கூட ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். திட்டத்தின் ஐந்தாண்டுக் காலம் 2026-27 நிதியாண்டுடன் நிறைவடைகிறது. அறிவிப்புகளுக்குப் பின்னால் கற்றல் எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்பதைப் பரிசீலிக்க வேண்டிய நேரம் இது.

திட்டத்தின் தேவையைப் பற்றி ஐயம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 25.76 கோடி பேர், அவர்களில் 16.68 கோடி பேர் பெண்கள். 2009 முதல் 2018 வரை நடைபெற்ற 'சாக்ஷர் பாரத்' திட்டத்தின் மூலம் 7.64 கோடி பேர் எழுத்தறிவுச் சான்றிதழ் பெற்றனர். எஞ்சியவர்கள் சுமார் 18.12 கோடி பேர் என்று அரசே மதிப்பிட்டது. இவர்களில் 5 கோடி பேரை ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் எட்டுவது என்ற இலக்குடன் 2022-ல் புதிய திட்டம் ஒப்புதல் பெற்றது.

இலக்கைவிட அதற்கான நிதி ஒதுக்கீடே கூடுதல் கவனத்துக்குரியது. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 1,037.90 கோடி ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு 337.90 கோடி. இலக்கால் வகுத்தால் ஒரு கற்போருக்குச் சுமார் 207 ரூபாய் கிடைக்கிறது. முந்தைய சாக்ஷர் பாரத் திட்டம் 7 கோடிப் பேரை இலக்காகக் கொண்டு 6,502.70 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டது. அதாவது ஒருவருக்கு ஏறத்தாழ 929 ரூபாய். இடைப்பட்ட காலத்தின் விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாமலே இந்த வேறுபாடு.

எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமல்ல. சாக்ஷர் பாரத் திட்டத்தில் கிராம ஊராட்சிதோறும் ஒரு கல்வி மையமும், மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியத்தில் 'பிரேரக்' எனப்பட்ட ஊக்குநர்களும் இருந்தனர். சொற்பத் தொகைதான், அதுவும் பல இடங்களில் நிலுவையில் நின்றது. ஆயினும் ஊரில் ஒருவருக்கு அது பெயரளவிலாவது பணியாக இருந்தது. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது அந்தக் கட்டமைப்பும் கலைந்தது. புதிய திட்டத்தில் கற்பிப்பவர்களுக்கு மதிப்பூதியம் கிடையாது. பள்ளி, கல்லூரி மாணவர்கள், ஆசிரியர் பயிற்சி பெறுவோர், நாட்டு நலப்பணித் திட்டத்தினர், அங்கன்வாடி மற்றும் ஆஷா பணியாளர்கள், ஓய்வு பெற்றோர் என விருப்பமுள்ள எவரும் 2023 ஜூலையில் அறிமுகமான செயலியில் பதிவு செய்துகொள்ளலாம். கற்போரும் அதே செயலியில் பதிவு செய்யப்படுகின்றனர்.

2025 செப்டம்பரில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி, பதிவு செய்த கற்போர் 3 கோடிக்கும் மேல். தன்னார்வலர்கள் 42 லட்சத்துக்கும் மேல். அதாவது, ஒரு தன்னார்வலருக்கு ஏழு பேர். இது நல்ல விகிதம். தேர்வு எழுதியவர்கள் 1.83 கோடி, அவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தேர்ச்சி பெற்றுள்ளனர். எனில், பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர் தேர்வு அறையை இன்னும் எட்டவில்லை. இவர்கள் கற்றுக்கொண்டிருப்பவர்களா, பாதியில் நின்றவர்களா, பட்டியலில் பெயர் மட்டும் ஏறியவர்களா? இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் விவரம்தான் திட்டத்தின் உண்மையான அறிக்கை அட்டையாக இருக்கும். 90 சதவீதத் தேர்ச்சி என்ற எண் அதைத் தராது.

தேர்வும் எளிமையானதே. வாசிப்பு, எழுத்து, எண்ணறிவு என ஒவ்வொன்றுக்கும் 50 வீதம் 150 மதிப்பெண்கள். ஒவ்வொரு பிரிவிலும் 33 சதவீதம் பெற்றால் போதும். அறுபது வயதில் முதன்முறையாகப் பென்சில் பிடிப்பவரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமாகாது என்பது சரியே. ஆனால், அந்த 33 சதவீதத்துடன் 'எழுத்தறிவு பெற்றவர்' என்ற கணக்கில் ஒருவர் சேர்ந்துவிடுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. 2024 ஆகஸ்டில் கல்வி அமைச்சகம் வகுத்த வரையறையோ புரிந்து படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றுடன் டிஜிட்டல் அறிவு, நிதி அறிவு போன்ற வாழ்க்கைத் திறன்களையும் சேர்த்துச் சொல்கிறது. வரையறை உயரத்தில் இருக்கிறது. தேர்வு தரையில் இருக்கிறது. 95 சதவீத எழுத்தறிவை எட்டினாலே அது முழு எழுத்தறிவுக்கு இணையாகக் கருதப்படும் என்பதும் அதே வரையறையின் பகுதி. திரிபுரா 95.6 சதவீதத்துடன் அந்தக் கோட்டைத் தாண்டியது.

மிசோரம் சொல்லும் செய்தி

ஐந்து அறிவிப்புகளிலும் ஊன்றிப் பார்க்கத்தக்கது மிசோரம். 2025 மே 20 அன்று அம்மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2023-ல் வீடு வீடாக நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 3,026 பேர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களில் கற்க விருப்பம் தெரிவித்தவர்கள் 1,692 பேர். கற்பிக்க முன்வந்த தன்னார்வலர்கள் 292 பேர். நூறாண்டுக்கும் மேலாக எழுத்து ஊறிய, 2011-லேயே 91 சதவீதத்தைத் தாண்டிய மாநிலம் அது. அங்கேயே எஞ்சியவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 'எனக்கு வேண்டாம்' என்றனர்.

இந்த மறுப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்து வரும் பெண்ணுக்கு மாலை ஒரு மணி நேரம் என்பது ஓய்வின் விலை. கண் பார்வை மங்கியவருக்கு முதல் தேவை கண்ணாடி, அதன் பிறகே அரிச்சுவடி. பேரக்குழந்தை வயதுள்ள ஒருவர் முன் தவறாக எழுதிக் காட்டும் கூச்சமும் சிறிதல்ல. இவற்றையெல்லாம் கடந்து ஒருவரை வகுப்புக்கு அழைத்து வருவது செயலியின் வேலையன்று. அது அவரை நேரில் அறிந்த ஒருவரின் வேலை. நாள்தோறும் வாசலில் வந்து நின்று அழைக்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு இந்தத் திட்டத்தில் ஊதியமில்லை, வகுப்புக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் அவர் பொறுப்பே.

மிசோரத்தில் மற்றொன்றும் நடந்தது. மிசோ மொழியில் பாடநூல் தயாரித்த மாநிலக் கல்வித் துறை, லாங்த்லாய் மாவட்டத்தின் தேவைக்காக ஆங்கிலப் பதிப்பையும் உருவாக்கியது. லாய், சக்மா மொழிகளைப் பேசுவோர் மிகுந்த மாவட்டம் அது. மாநிலப் பெரும்பான்மை மொழியே கற்போரின் தாய்மொழி என்ற அனுமானம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு இது சான்று.

ஆங்கிலம் என்ற கேட்கப்படாத கேள்வி

உல்லாஸ் பாடப்பொருள்கள் 26 இந்திய மொழிகளில் கிடைப்பதாக அரசு கூறுகிறது. தாய்மொழியில் தொடங்குவதே சரி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால், முதல் பாடநூலை முடித்த ஒருவர் வீதிக்கு வந்ததும் எதிர்கொள்ளும் எழுத்துகளில் பெரும்பங்கு ஆங்கிலம். மாத்திரை அட்டையின் பெயர், கைபேசியில் வரும் வங்கிக் குறுஞ்செய்தி, மின்கட்டண ரசீதின் தலைப்புகள், ரயில் பெட்டியின் எண் என்று அடுக்கலாம். மாத்திரையின் காலாவதித் தேதி எது என்று அறிய ஆங்கில மொழி தெரிய வேண்டியதில்லை. 'இஎக்ஸ்பி' என்ற மூன்று எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

இருபத்தாறு எழுத்துகளையும் நூறு சொற்களையும் அறிமுகம் செய்வது என்பது ஆங்கிலம் கற்பிப்பதிலிருந்து வேறுபட்ட, எட்டக்கூடிய இலக்கு. அதைச் செய்வதற்குத் தேவையான தகுதி கல்லூரி மாணவத் தன்னார்வலர்கள் அனைவரிடமும் இருக்கிறது. திட்டத்தின் ஐந்து கூறுகளில் வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன்கள், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி ஆகியவை இருந்தும், பேசப்படுவதும் எண்ணப்படுவதும் முதல் கூறான அடிப்படை எழுத்தறிவே. எண்ணக்கூடியது அது ஒன்றே என்பதால் இப்படி ஆகியிருக்கலாம்.

தொண்டு எங்கே கடமையாகிறது

தன்னார்வம் என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. மகாராஷ்டிரத்தில் 2023-ல், எழுத்தறிவில்லாதோரைக் கண்டறியும் கணக்கெடுப்புப் பணி பள்ளி ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது ஆசிரியர் சங்கங்கள் அதைப் புறக்கணித்தன. கற்பித்தல் அல்லாத பணிச்சுமை ஏற்கெனவே மிகுந்துவிட்டது என்பது அவர்களின் வாதம். இலக்கு மேலிருந்து இறங்கும்போது, விரும்பி வருபவர்கள் போதாத இடங்களில் ஆணை அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. அப்படிச் சேர்க்கப்பட்ட பெயரும் 42 லட்சத்துக்குள் ஒன்றாகவே எண்ணப்படும்.

ஊதியமில்லாத் தொண்டால் பெரிய காரியம் நடக்காது என்று இதற்குப் பொருளல்ல. நடந்திருக்கிறது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது ஆயிரக்கணக்கான இளம் தொண்டர்களால்தான். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், புதிதாக எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா கேரளத்தின் முழு எழுத்தறிவை அறிவித்தார். அதே காலகட்டத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களின் கையில் கொடுத்தது. வகுப்புக்கு வந்து போகவும் சந்தைக்குச் செல்லவும் கற்ற அந்தத் திறன், படித்த எழுத்தைவிட நீண்ட நாள் நிலைத்தது என்று சொல்வோரும் உண்டு. அந்த இயக்கங்களில் தொண்டர்களுக்குப் பின்னால் மாவட்ட நிர்வாகம், அறிவியல் இயக்கங்கள், கலைக்குழுக்கள் என ஒரு பெரும் திரள் நின்றது. இன்றைய தன்னார்வலருக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் ஒரு செயலி.

கேரளத்தின் வேறுபாடு 1991-ல் இல்லை, அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இருக்கிறது. மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை எனச் சமநிலைத் தேர்வுகளை இன்றுவரை நடத்துகிறது. 2018-ல் 'அக்ஷரலக்ஷம்' தேர்வில் 100-க்கு 98 மதிப்பெண் பெற்று முதலிடம் பிடித்த கார்த்தியாயினி அம்மாவுக்கு அப்போது வயது 96. நாட்டுக்கே பழக்கமான முகமாகிவிட்ட அவரைப் பற்றிப் பேசுவோர், முழு எழுத்தறிவு அறிவித்து 27 ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

அறிவிப்பு வந்ததும் வகுப்பு நின்றுவிடும் ஆபத்துதான் இப்போது ஐந்து இடங்களிலும் உள்ளது. புதிதாகக் கற்ற எழுத்து பயன்பாடில்லாமல் சில ஆண்டுகளில் மறைந்துவிடுவது, வயது வந்தோர் கல்வியில் உலகெங்கும் கண்ட அனுபவம். இன்னொரு பக்கம், அறிவிப்புக்கு வெகுதூரத்தில் இருக்கும் மாநிலங்கள். 2023-24 தொழிலாளர் ஆய்வின்படி ஏழு வயதுக்கு மேற்பட்டோரின் தேசிய எழுத்தறிவு 80.9 சதவீதம், ஆண்கள் 87.2, பெண்கள் 74.6. பிகார் 74.3 சதவீதத்திலும் ஆந்திரப் பிரதேசம் 72.6 சதவீதத்திலும் நிற்கின்றன. சில ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்த மிசோரத்தின் வழிமுறை, கோடிக்கணக்கானோர் காத்திருக்கும் மாநிலங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஒருவருக்கு 207 ரூபாய் என்ற கணக்கு உடைவது அங்கேதான்.

இந்த விவாதத்துக்குப் புதிய எண்கள் விரைவில் வரவிருக்கின்றன. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. உல்லாஸ் திட்டக்காலம் முடிவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரியுமா என்பதே கணக்கெடுப்பின் அளவுகோல். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒருவர் மற்ற அனைவருக்குமாகச் சொல்லும் பதிலே பதிவாகும் என்பதால் அதற்கும் வரம்புகள் உண்டு. பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் குறிப்பு நாள் 2026 அக்டோபர் 1 என முன்கூட்டியே வைக்கப்பட்டுள்ளது. லடாக்கும் இமாச்சலின் உயர்மலைப் பகுதிகளும் அதில் அடங்கும். முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட ஐந்தில் இரண்டின் வாசலில்தான் கணக்கெடுப்பாளர் முதலில் வந்து நிற்பார்.