கணினி வானமும் கண் கண்ட வானமும்

வானத்தை அண்ணாந்து பாராமலே விண்மீன் நோக்கல் குறிப்பேடு எழுத முடியுமா? முடியும் என்பதை நம் மாணவர்கள் மெய்ப்பித்து வருகின்றனர். அதற்கு முழுப் புள்ளிகள் வழங்கி நாமும் தட்டிக் கொடுக்கிறோம். இது கல்விக்கே கேடு என்பது என் உறுதியான கருத்து.

விண்மீன் நோக்கலை இடுபணியாகக் கொடுத்தால், வந்து சேர்பவை பெரும்பாலும் கணினித் திரையின் அச்சுப்படிகளே. ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திறக்கிறார்கள். நாளும் நேரமும் இடுகிறார்கள். படத்தை எடுத்து ஒட்டி, 'நான் கண்டேன்' என்று எழுதி விடுகிறார்கள். மழை கொட்டித் தீர்த்த இரவிலும் அந்த ஏடுகளில் வியாழன் பளிச்சென்று ஒளிர்கிறது!

துருவ விண்மீன் வானத்தின் பாதி உயரத்தில் தெரிந்ததாக எழுதிய ஏட்டையும் நான் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. எனவே, துருவ விண்மீனும் இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 3 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு மரமோ மாடிவீடோ போதும் அதை மறைக்க. பாரிசு நகரிலோ அதன் உயரம் ஏறத்தாழ 49 பாகை. மென்பொருளில் தொடக்க இடமாக இருந்த பாரிசை மாற்றாமல் விட்டதன் விளைவே அந்தக் 'காட்சி'. வாசலுக்குப் போய் ஒருமுறை வடக்கே பார்த்திருந்தால் அந்த வரி எழுதப்பட்டிருக்குமா?

மென்பொருள்மீது எனக்குப் பகையில்லை. பிரெஞ்சு நிரலாளர் பேபியன் செரோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டெல்லேரியம், விலையின்றிக் கிடைக்கும் அரிய கொடை. ஆனால், அது கணக்கிட்டுக் காட்டும் கருவி. எந்த விண்மீன் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லும். நம் வீட்டு வாசலில் இன்றிரவு என்ன தெரிந்தது என்பதை அது எப்படிச் சொல்லும்?

நம் முன்னோர் பெயரிட்டு வழங்கிய திருவாதிரையையே எடுத்துக்கொள்வோம். அந்தச் செந்நிற விண்மீன் வழக்கமாக உரோகிணியைவிட ஒளிமிக்கது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, உரோகிணிக்கும் பின்தங்கிவிட்டது. இதைக் காணத் தொலைநோக்கி தேவைப்படவில்லை. இரண்டு விண்மீன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்கள் போதுமாக இருந்தன. பட்டியலில் உள்ள வழக்கமான ஒளியளவைக் கொண்டு வரையப்பட்ட திரை வானத்தைப் பார்த்து எழுதியவருக்கு அந்த மாற்றம் தெரிந்திருக்க வழியே இல்லை.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கலிலியோவே சான்று. 1610 சனவரி 7ஆம் நாள் வியாழனின் அருகே மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டு குறித்தார். மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. 9ஆம் நாள் வானத்தை மேகம் மூடியது. அதையும் மறைக்காமல் பதிவு செய்தார். 13ஆம் நாள் நான்காவது புள்ளியையும் கண்டார். வியாழனைச் சுற்றும் நிலவுகள் இவ்வாறுதான் உலகுக்குத் தெரியவந்தன. 'மேகம்; ஒன்றும் தெரியவில்லை' என்று நம் மாணவர் எழுதினால், நாம் புள்ளிகளைக் குறைக்கிறோம். பிறகு அவர் பொய் எழுதக் கற்றுக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார்?

"நகர வெளிச்சத்தில் விண்மீன்கள் ஏது? இரவில் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியுமா?" என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விகளே. ஆனால், நிலவும் வெள்ளியும் வியாழனும் நகரத்து வானத்திலும் தெரிபவை. பெற்றோர் துணையுடன் வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி எழுவதை ஒரே வாரத்தில் கண்டறியலாம். படங்களில் செங்குத்தாக நிற்கும் இளம்பிறை, நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் பெரும்பாலும் தோணிபோல் படுத்திருப்பதையும் காணலாம். கார்த்திகைக் கூட்டத்தில் தம் கண்ணுக்கு நான்கே மீன்கள் தெரிந்தால், நான்கு என்றே எழுதட்டும். அந்த நான்குதான் அறிவியல். திரையைப் பார்த்து எழுதும் நூறு வெறும் நகல்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, முறையை மாற்றுவோம். முதலில் வானம், அடுத்து எழுதுகோல், கடைசியில் கணினி. ஏட்டில் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: ஒன்றில் கண்டது, மற்றொன்றில் மென்பொருள் காட்டியது. இரண்டும் வேறுபட்டால் அழித்துத் திருத்த வேண்டா, 'ஏன்?' என்று கேட்கச் சொல்வோம். இடம், நேரம், மேகம், உடன் இருந்தவர் ஆகியவையும் இடம்பெறட்டும். மேகம் என்று எழுதிய நேர்மைக்கும் முழுப் புள்ளி கொடுப்போம்.

அழகான அச்சுப்படி ஒரு கிழமையில் குப்பைக்குப் போய்விடும். காணாததைக் கண்டேன் என்று எழுதும் பழக்கமோ வாழ்நாள் முழுதும் கூடவரும். அந்தப் பழக்கத்துக்கு நம் வகுப்பறை நாற்றங்கால் ஆகலாமா? சிந்திப்போம்.