வளாகத்தின் அழகில் நமக்கும் பங்கு உண்டு

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தாவரவியல் பூங்கா 1974இல் உருவானது. 80 ஹெக்டர் நிலம். அதற்கு முன் அது ரப்பர்த் தோட்டம். சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானில் கேடிஎம் ஏறி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டிக்கு மாறி, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகிறார்கள். அதன் அழகைக் காப்பதை நிர்வாகத்தின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நம் முன்னோர் ஒதுங்கவில்லை. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்களும் இயன்றதைக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும், அதற்கு நல்ல நூலகம் வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருப்பார்கள்! என்னைக் கேட்டால், ஒரு கல்விக்கூடத்துக்கு இதைவிடப் பெரிய அழகு வேறில்லை.

பட்டமளிப்பு நாளில் அங்கே போய்ப் பாருங்கள். பிரிக்பீல்ட்சில் வாங்கிய மாலையும் பூங்கொத்துமாகக் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. பாட்டி பட்டுப்புடவையில், தம்பி கையில் பலூன். கண் நிறையும் காட்சி. பிற்பகலில் அதே புல்தரையில் பூங்கொத்தைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள், ரிப்பன், பாதி குடித்த தண்ணீர் போத்தல், தாப்பாவ் பொட்டலம். ஒரு மழை போதும், எல்லாம் கால்வாய்க்குப் போய்விடும். துப்புரவுப் பணியாளர்கள் குனிந்து பொறுக்கும்போது நாம் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இது நமக்கு அழகல்ல.

வளாகத்தின் நடுவே உள்ள வர்சிட்டி ஏரி மாசடைந்தபோது, குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் 'வாட்டர் வாரியர்ஸ்' என்ற குழு இறங்கியது. மாணவர்கள், ஆய்வாளர்கள், ஊழியர்கள் ஒன்றுகூடி நீரின் தரத்தைச் சோதித்தார்கள், ஏரியை மீட்க உழைத்தார்கள். பேராசிரியர் முதல் முதலாண்டு மாணவர் வரை ஒரே கரையில் நின்ற அந்த உழைப்பே நமக்கு முன்மாதிரி.

நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. கூட்டம் கூடும் நாளில் கூடுதல் குப்பைத்தொட்டி, தண்ணீர் நிரப்பும் குழாய், துப்புரவுப் பணியாளர்கள் உட்கார நிழலான இடம் ஆகியவை நிர்வாகம் செய்யவேண்டியவை. மற்றவை நம் கையில். வளாகத்தில் பொங்கல் வைக்கும் தமிழ்ச் சங்கங்கள், கோலமிடவும் கரும்பு கட்டவும் ஆள் பிரிப்பதுபோல், விழா முடிந்தபின் இடத்தைச் சுத்தம் செய்யவும் முன்கூட்டியே ஆள் பிரிக்கட்டும். கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கோத்தோங் ரோயோங் செய்து பழகிய சமூகம் நாம். பெற்றோர் பூங்கொத்து வாங்கும்போது, பிளாஸ்டிக் சுற்றாமல் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லலாம். பூக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.